இறந்தவர்கள் நீங்கலாக

மேகலாவை எங்கள் கல்லூரி சாகடித்துவிட்டது அம்மா. பதறாதீர்கள், உடம்புக்கு ஒன்றுமில்லை. இருபத்து நான்கு வயது, நாமக்கல்லில் மோகனூர் ரோட்டுப் பக்கம் வீடு, மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். செத்தது காகிதத்தில். காகிதத்தில்தானே என்று லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காகிதத்தை நம்பி ஒரு கம்பெனி, 'நீ செத்துப்போன பெண்ணின் சர்டிபிகேட்டை வைத்து ஏமாற்றுகிறவள்' என்று சொல்லி, கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, இரண்டு செக்யூரிட்டிகளோடு அவளை கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டது.

உங்கள் மடியில் இருக்கிற அந்த வழவழப்பான புத்தகத்தைப் பார்த்ததால்தான் வாயைத் திறந்தேன். இல்லாவிட்டால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை. பாப்பாவுக்கு விண்ணப்பம் வாங்கிக்கொண்டு வருகிறீர்களா? தூங்கட்டும், எழுப்ப வேண்டாம். அட்டையில் மஞ்சள் எழுத்தில் 'எண்பத்தேழாம் இடம்' என்று போட்டிருக்கிறதே, போன வருடம் அது நூற்று நாற்பத்தொன்று. ஒரே வருடத்தில் ஐம்பத்து நான்கு படி. எப்படி ஏறினார்கள் என்று யாராவது சொன்னார்களா? சொல்லமாட்டார்கள். நான் சொல்கிறேன். அங்கேதான் எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்தேன். கல்லூரித் தரவரிசைக்கு விவரம் அனுப்புகிற ரேங்கிங் செல்லிலேயே இரண்டு வருடம் இருந்தேன்.

செல் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். நூலகத்துக்கு மேலே ஓர் அறை. மூன்று கம்ப்யூட்டர், ஒரு லேண்ட்லைன், எங்கள் துறைத் தலைவர் தங்கவேல் சார். மாணவர்களில் நான் ஒருத்திதான். ஏன் என்னை எடுத்தார் தெரியுமா? விவாதப் போட்டி எங்கே நடந்தாலும் கோப்பை எனக்குத்தான் வரும். 'சங்கவி எந்திரிச்சு கேள்வி கேட்டா எதுக்க நிக்கிறவன் அவன் பேரையே மறந்துடுவான்' என்பார் சார். பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இந்தத் தரவரிசையை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? யாரும் வந்து பார்ப்பதில்லை. கல்லூரியே தன்னைப் பற்றித் தானே எழுதி அனுப்ப வேண்டும். 'மாற்றுத்திறனாளிகளுக்குச் சக்கர நாற்காலி உண்டா?' என்று ஒரு கேள்வி. உண்டு. மாடிப்படிக்குக் கீழே, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நிற்கிறது. அதைத் தள்ளிக்கொண்டு போகச் சாய்தளம் இருக்கிறதா என்று கேள்வியில் இல்லை. அதனால் முழு மதிப்பெண். 'மற்ற கல்லூரிகளில் உங்களைப் பற்றி நல்ல எண்ணம் இருக்கிறதா?' என்று இன்னொன்று. அவர்கள் எங்களுக்கு நல்லது சொல்வார்கள், நாங்கள் அவர்களுக்கு நல்லது சொல்வோம். மொய் வைப்பது மாதிரி. சிரிக்கிறீர்களே, நானும் முதல் வருடம் சிரித்தேன்.

சரி, மேகலாக்காவுக்கு வருகிறேன். எனக்கு இரண்டு வருடம் சீனியர். பி.எஸ்சி. படிக்கும்போது காலேஜ் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பார். முதல் செமஸ்டர் முழுக்க அவருடைய நோட்டை வைத்துத்தான் படித்தேன். அவருடைய அப்பா ராசப்பன் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர். அம்மா கோழிப்பண்ணையில் முட்டை தரம் பிரிக்கிறவர்.

தரவரிசை விண்ணப்பத்தில் ஓர் அட்டவணை உண்டு. படித்து வெளியே போனவர்களில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் மேலே படிக்கிறார்கள். மேகலாக்கா பேட்சில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். வேலை, மேற்படிப்பு இரண்டுக்கும் சேர்த்து ஆதாரம் கிடைத்தது முந்நூற்றியோரு பேருக்கு. எழுபத்து மூன்று சதவீதம். எழுபத்தைந்தைத் தொட்டால்தான் அடுத்த படி மதிப்பெண். நூலிழை. சார் இரண்டு நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இல்லாத வேலையை இருப்பதாகக் காட்டலாம் என்றால் நியமன ஆணை கேட்பார்கள். படிக்கிறதாகக் காட்டலாம் என்றால் சேர்க்கைச் சான்று கேட்பார்கள்.

அப்போது நான் ஒரு வாதம் வைத்தேன். கவனமாகக் கேளுங்கள், இதைத்தான் பிறகு எல்லோரும் திரித்துச் சொன்னார்கள். அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு இருந்தது: 'மொத்த எண்ணிக்கை, இறந்தவர்கள் நீங்கலாக.' நான் சொன்னேன்: "சார், இந்த அளவுகோல் எவ்ளோ ஓட்டைன்னு பாருங்க. வேலைக்கு ஆதாரம் கேக்கறான், படிப்புக்கு ஆதாரம் கேக்கறான், செத்ததுக்கு மட்டும் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கேக்கல. பதினோரு பேர் செத்துட்டதா போட்டா வகுக்கற எண்ணு நானூத்தி ஒண்ணாயிடும். எழுபத்தஞ்சு வந்துடும். இதெல்லாம் ஒரு அளவுகோலா சார்?"

விமர்சனம் அம்மா. அளவுகோலின் மேல் நான் வைத்த விமர்சனம். சார் எழுந்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, "ஏம்மா, அதை இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

சொன்னேன். கேட்டால் சொல்லத்தானே வேண்டும்?

அந்த பேட்சில் நிஜமாகவே இரண்டு பேர் இறந்திருந்தார்கள். ஒரு பையன் பரமத்தி ரோட்டில் லாரியில் அடிபட்டு, ஒரு பெண் மஞ்சள் காமாலையில். பாக்கி ஒன்பது பேர் வேண்டும். யாரை எடுப்பது? சார் ஒரு விதி வைத்தார். மூன்று முறை போன் செய்து மூன்று முறையும் எடுக்காதவர்கள். கூப்பிடுகிற வேலை எனக்கு. காலை பதினொன்றிலிருந்து ஒரு மணி வரைக்கும்தான் லேண்ட்லைன் எங்களுக்குக் கிடைக்கும். ஒவ்வொரு பெயருக்கும் நேராக எழுதுவேன்: 'தொடர்புகொண்டவர்: சங்கவி. முயற்சி: மூன்று. பதில்: இல்லை.' இருபத்தேழு பேர் தேறினார்கள். மேகலாக்காவும் அதில் ஒருவர்.

அவர் அப்போது கரூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் போர்வை, துண்டு எல்லாம் பிசிறு பார்த்து மடிக்கிற வேலையில் இருந்தார். உள்ளே போகும்போதே கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். எட்டு மணி நேரம் போன் பூட்டிக் கிடக்கும். எனக்கு எப்படித் தெரியும்? சரி, எடுத்து 'வேலையில இருக்கேன்' என்று சொல்லியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. அங்கே நியமன ஆணை தருவதில்லை. ஆணை இல்லாத வேலை எங்கள் அட்டவணையில் வேலை இல்லை. பார்த்தீர்களா, எத்தனை மோசமான வரையறை!

இருபத்தேழு பேரில் ஒன்பது பேரைப் பொறுக்க வேண்டும். சார் அப்பாவின் தொழில் என்ற பத்தியைத் திறந்தார். லாரி ஓனர் மகன், வேண்டாம். பண்ணை முதலாளி பெண், வேண்டாம். கவுன்சிலர் வீட்டுப் பிள்ளை, ஐயோ வேண்டாம். இப்படியே அடித்துக்கொண்டு போனால் கடைசியில் நின்றது ஒன்பது பேர். கூலி, கூலி, வெல்டர், சமையல் வேலை, கூலி. அங்கேதான் நான் சண்டை போட்டேன். "சார், இது அநியாயம்" என்றேன். "இது சாய்வுள்ள தேர்வு. குலுக்கல் முறையிலதான் எடுக்கணும். இருபத்தேழு பேருக்கும் சம வாய்ப்பு இருக்கணும்." சார் சிரித்தார். "நீ சொல்றது பாடப்புத்தகத்துல சரிம்மா" என்றார். என் ஆட்சேபத்தைக் குறிப்பேட்டில் எழுத வைத்தேன். இன்றைக்குப் போய்ப் பார்த்தாலும் இருக்கும். அந்த அறையில் ஆட்சேபம் தெரிவித்த ஒரே ஆள் நான்.

தட்டச்சு செய்தது நான்தான், ஆமாம். தட்டச்சு செய்வதும் முடிவெடுப்பதும் ஒன்றா? மேகலாக்கா பெயர் வந்தபோது கை கொஞ்சம் நின்றது. நிற்கத்தான் செய்தது. ஆனால் வேண்டியவர் என்பதற்காக ஒருவரை மட்டும் விட்டுவிட்டு அடுத்தவரைப் போட்டால் அது சார் செய்த அதே பாரபட்சம்தானே? கொள்கை என்றால் கொள்கை. போட்டேன்.

நானூற்றுப் பன்னிரண்டு பேரில், மூன்றே வருடத்தில், இருபத்து நான்கு வயதுக்குள், பதினோரு பேர் சாவு. தரவரிசை போடுகிற அமைப்பில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'என்னப்பா உங்க ஊர்ல, கொள்ளைநோய் வந்துச்சா?' என்று கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை.

விண்ணப்பம் அனுப்பி ஒரு வாரம் இருக்கும். நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் யாரோ முதுகில் தட்டினார்கள். மேகலாக்கா. "என்ன புள்ள, இளைச்சுட்ட?" என்று கேட்டு, வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் டீ வாங்கிக் கொடுத்தார். கோயம்புத்தூரில் ஒரு பெரிய கம்பெனியில் மூன்று சுற்று இன்டர்வியூ முடிந்துவிட்டது, அநேகமாகக் கிடைத்துவிடும் என்றார். "கெடச்சா மொத சம்பளத்துல அப்பாவுக்குக் கண்ணு காட்டணும். வெல்டிங் வெளிச்சத்துல பாவம் மனுஷனுக்கு ஒண்ணுமே தெரியறதில்ல" என்றார். நான் வாழ்த்துச் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். அட்டவணையைப் பற்றி அப்போது சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? என்னவென்று சொல்வது, டீயைக் கையில் வைத்துக்கொண்டு?

மார்ச் மாதம் வேலை கிடைத்தது. பயிற்சியின் மூன்றாம் நாள், சான்றிதழைச் சரிபார்க்கிற ஏஜென்சி எங்கள் கல்லூரிக்கு மெயில் அனுப்பியது: 'இந்தப் பெண் உங்களிடம் படித்தவரா?' அலுவலகத்தில் இருக்கிற கிளார்க்குக்கு ரேங்கிங் செல் கோப்புதான் கைக்கு வந்தது. அதைப் பார்த்து நேர்மையாகப் பதில் போட்டார்: 'படித்தவர். தற்போது உயிருடன் இல்லை.' மீதியைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே. அடையாள அட்டை, செக்யூரிட்டி, கேட். பதினைந்து நாளுக்குள் கல்லூரியிலிருந்து திருத்தக் கடிதம் கொண்டுவந்தால் வேலை, இல்லாவிட்டால் ஆள்மாறாட்டம் என்று ஏஜென்சியின் பட்டியலில் பெயர் ஏறிவிடும். அந்தப் பட்டியலை எல்லாக் கம்பெனியும் பார்க்குமாம்.

அப்பாவும் மகளும் கல்லூரிக்கு வந்தார்கள். முதல்வர் மேடம் அறை. சார் இருந்தார். கோப்பை எடுத்துக்கொண்டு என்னையும் வரச் சொன்னார்கள்.

ராசப்பன் உட்காரவில்லை. "ஏனுங்க மேடம், எம்புள்ள உங்க முன்னாலதானுங்க நிக்குது" என்றார்.

"நிக்கிறது தெரியுதுங்க. நாங்க என்ன இல்லைன்னா சொல்றோம்? சந்தோஷம்தான்."

"அதையே ஒரு காயிதத்துல எழுதிக் குடுத்துட்டீங்கன்னா..."

மேடம் சாரைப் பார்த்தார். சார் ஜன்னலைப் பார்த்தார். எழுதிக் கொடுத்தால் அது ஆதாரம். அனுப்பிய தகவல் பொய் என்று தெரிந்தால் மூன்று வருடம் கல்லூரியைத் தரவரிசையிலேயே சேர்க்கமாட்டார்கள். முடிவு வரப்போகிற நேரம் வேறு. மேடம் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "நீங்க தாலுகா ஆபீஸ்ல உயிரோட இருக்கறதா ஒரு சான்று வாங்கிட்டு வாங்க. அடுத்த வருஷப் பதிவுல கண்டிப்பா சரி பண்ணிடறோம்" என்றார்.

"அடுத்த வருஷம் வரைக்கும் எம்புள்ள செத்தே கெடக்கோணுங்களா?"

அதற்கு சார் ஒரு யோசனை சொன்னார். மனிதர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். "மேகலா இங்கயே எம்.எஸ்சி. சேந்துக்கட்டும். புதுப் பதிவெண் குடுத்துடலாம். பழசு பழசாவே இருக்கட்டும். மேற்படிப்புக் கணக்குலயும் ஒண்ணு கூடும்."

ராசப்பன் மெதுவாக, மகளைத் தொட்டுப் பார்த்தார். தோளை. ஏன் தொட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனார்.

மேகலாக்கா மட்டும் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். தன் பெயருக்கு நேராக விரலை ஓட்டினார். 'தொடர்புகொண்டவர்' என்ற இடத்தில் விரல் நின்றது.

வராந்தாவில் என்னிடம் கத்துவார் என்று நினைத்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். கத்தவில்லை. "சங்கவி, நீ ஒரு வரி எழுதிக் குடு. 'நான்தான் போன் பண்ணுனேன், எடுக்கல, விசாரிக்காம செத்துட்டதா போட்டுட்டேன்'னு. காலேஜ் பேரே வேண்டாம். உன் கையெழுத்து போதும். அந்த ஹெச்.ஆர். அம்மா அது இருந்தாலே பேசிப் பாக்கறேன்னு சொல்லுச்சு" என்றார்.

அரை மணி நேரம் விளக்கினேன் அம்மா. பொறுமையாக விளக்கினேன். 'மேகலாக்கா, இது உங்க ஒருத்தரோட பிரச்சினை இல்ல, அமைப்போட பிரச்சினை. ஒரு வரி எழுதிக் குடுத்தா ஒரு மாணவி தப்பு பண்ணிட்டான்னு முடிச்சுடுவாங்க. அளவுகோல் தப்பிச்சுக்கும். எட்டு பேரோட உயிர் இன்னும் அதே கட்டத்துல இருக்கு. அவங்களுக்கு யாரு பேசறது?' ஆணித்தரமாகத்தான் சொன்னேன். அவர் "எனக்குப் பன்னெண்டு நாள்தான் இருக்குது புள்ள" என்று மட்டும் சொன்னார். அது வாதம் ஆகாதே.

சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். தரவரிசை அமைப்புக்குப் பதினான்கு பக்கம் புகார் எழுதினேன். வரையறைப் பிழைகள், சுய அறிவிப்பின் ஆபத்து, சராசரியின் மோசடி, சக்கர நாற்காலி, எல்லாம். பதினோராம் பக்கத்தில் மேகலாக்காவை எடுத்துக்காட்டாக வைத்திருந்தேன், 'எடுத்துக்காட்டு மூன்று' என்று. 'ஓர் ஊழியரால் இறந்தவராகப் பதிவுசெய்யப்பட்டார்' என்று எழுதினேன். யார் என்பது அங்கே முக்கியமில்லை. நடை நன்றாக வந்திருந்தது. எழுதி முடிக்க இருபது நாள் ஆயிற்று. அவசரப்பட்டு அரைகுறையாக அனுப்பினால் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

இதற்கிடையில் அந்தப் பதினைந்து நாள் முடிந்துவிட்டது, ஆமாம். கரூர் கம்பெனியில் திரும்பக் கேட்டிருக்கிறார், வேறு ஆள் போட்டுவிட்டார்களாம். இப்போது அம்மாவோடு பண்ணைக்கு முட்டை பிரிக்கப் போகிறார் என்று கேள்வி.

நானா? நான் கோயம்புத்தூருக்கு வேலையில் சேரத்தான் போகிறேன். கல்லூரிகளுக்குத் தரவரிசை விண்ணப்பம் தயாரித்துக் கொடுக்கிற நிறுவனம். தங்கவேல் சார்தான் பரிந்துரைத்தார். அப்படிப் பார்க்காதீர்கள் அம்மா. வெளியே நின்று கத்தினால் எதுவும் மாறாது. உள்ளே இருந்துதான் மாற்ற வேண்டும். உங்கள் கையில் இருக்கிற புத்தகத்தில் நாற்பதாம் பக்கம் பாருங்கள், வேலை பெற்றவர்கள் வரிசையில் என் படமும் இருக்கிறது. கண்ணாடி போட்டிருப்பேன்.

புகாருக்கு நாற்பத்தேழு நாள் கழித்து நேற்று பதில் வந்தது. பதினான்கு பக்கத்துக்கு நான்கு வரி. படிக்கிறேன், கேளுங்கள்: 'தங்கள் கருத்துகள் கவனத்தில் கொள்ளப்பட்டன. எடுத்துக்காட்டு மூன்றைப் பொறுத்தவரை, பட்டதாரியின் விவரம் குறித்த புகாரைச் சம்பந்தப்பட்ட பட்டதாரி மட்டுமே அளிக்க இயலும். எங்கள் பதிவுகளின்படி அவர் காலமாகிவிட்டதால், அவருடைய சட்டப்பூர்வ வாரிசு, இறப்புச் சான்றிதழின் நகலுடன் விண்ணப்பிக்கலாம்.'

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பார்த்தீர்களா, நான் சொன்னது எப்படி நிரூபணமாகிவிட்டது என்று! இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? இதை மேகலாக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து பத்திரிகைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். அவர் உயிரோடு வந்து நின்றால்தானே என் புகாருக்கு எடை?

இன்று காலை, பஸ் ஏறுவதற்கு முன்னால் கூப்பிட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பெட்டியை மேலே வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கோபம் வந்துவிட்டது. யாருக்காக இத்தனை பாடுபடுகிறேன்? கடைசியாக ஒரு தடவை என்று கூப்பிட்டேன். அடித்து ஓயப்போகிற நேரத்தில் எடுத்தார். பின்னால் கோழிச் சத்தம். நான் "மேகலாக்கா, பதில் வந்துடுச்சு" என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, ஓடிவந்து எடுத்த மாதிரி, சொன்னார்:

"மூணாவது தடவைக்கு எடுத்துட்டேன் சங்கவி. குறிச்சுக்க."